மலைமேல் ஒரு கண்மாய்: பனியாற்று நதியும் அதன் பள்ளத்தாக்கும்

யானைக்கல் பக்கம் டீக்கடையில் நின்று பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தால் கோடையில் வைகை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல், ஆகாயத்தாமரை, ஓரமாகச் சாக்கடை, நடுவில் கிரிக்கெட். யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்: "கங்கையப் பாருங்க. மேல பனி உருகுது, வருசம் பூரா ஓடுது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல." பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார். நானும் பல வருடம் தலையாட்டியிருக்கிறேன்.

பெரியம்மாவைக் கங்கோத்ரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. நதிக்கரையில் செம்பை முக்கி எடுத்தவர் உள்ளே பார்த்துவிட்டு, "ஏண்டா, இம்புட்டுக் கலங்கலா இருக்கு? நம்ம வைகையில ஊத்து தோண்டுனாக்கூடக் கண்ணாடியாட்டம் வருமே" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் குழப்பம் 'பனி' என்ற சொல்லிலேயே

மார்கழி காலையில் புல்லில் நிற்பதும் பனி. கொடைக்கானலில் தை மாதம் புல்வெளியை வெள்ளையாக்குவது உறைபனி. இமயமலையில் பஞ்சு போல விழுவதும் பனி. டைட்டானிக் மோதியதைப் பனிப்பாறை என்கிறோம். கங்கோத்ரிக்கு மேலே கிடப்பதையும் செய்தித்தாள்கள் பனிப்பாறை என்றே எழுதுகின்றன. கடலில் மிதக்கிற கட்டியும் மலையில் கிடக்கிற நீண்ட உடம்பும் ஒரே பெயரில் புழங்கினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இங்கே இரண்டு சொற்கள் போதும். வானத்திலிருந்து பூப்போல விழுவது வெண்பனி. அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இறுகி, கட்டியாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழே நகர்வது பனியாறு.

பஞ்சுமிட்டாயைக் கைக்குள் வைத்து அமுக்கிப் பாருங்கள். காற்று போய்க் கெட்டியான சிறு உருண்டை மிஞ்சும். உயர்ந்த மலையில் ஒரு குளிர்காலத்தில் விழுந்த வெண்பனி கோடையில் முழுவதும் உருகாமல் மிஞ்சினால், அடுத்த ஆண்டு வெண்பனி அதன்மேல் விழுந்து அமுக்கும். அதன்மேல் அதற்கடுத்த ஆண்டு. இப்படிப் பல பத்து மீட்டர் கனம் சேர்ந்தபின் அடியிலிருக்கும் கட்டி, சாய்த்த தட்டில் இறுகிய வெல்லப்பாகு போல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வழியத் தொடங்கும். கங்கையின் தலைநீரான பாகீரதிக்கு மேலே கிடக்கும் கங்கோத்ரி பனியாறு இப்படி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். மதுரையிலிருந்து மேலூர் வரை ஒரே பனிக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலைகளில் ஏன் இல்லை? ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது. வத்தலக்குண்டில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு பஸ் ஏறியவர்கள் கொடைக்கானலில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான். மதுரையில் 40 டிகிரி அடிக்கிற நாளில் பூஜ்ஜியத்தைத் தொட ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். பாதித் தூரம்கூட இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பனியாறு என்பது உறைந்துபோன ஆறு அல்ல. மிஞ்சிய வெண்பனி இறுகி நகர்கிற கட்டி. அதன் கீழ்நுனி உருகும் இடத்தில்தான் தண்ணீர் ஆறு பிறக்கிறது. அந்த நுனிக்கு முகப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கங்கோத்ரி பனியாற்றின் முகப்பே கோமுகம். சுமார் 4,000 மீட்டர் உயரம்.

கண்மாய், மடை, நீர்பாய்ச்சி

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். கண்மாய் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்து, தை மாசி வரை மடை வழியாக வயலுக்கு விடுகிற ஏற்பாடு கண்மாய். அது ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உண்டாக்குவதில்லை. வானம் கொடுத்த தேதியை மாற்றி, பயிர் கேட்கிற தேதியில் கொடுக்கிறது. பனியாறு செய்வதும் அதேதான். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிற காற்றமைப்புகள் கொட்டும் வெண்பனியையும், பருவமழைக் காலத்தில் உச்சிகளில் விழுவதையும் பிடித்து வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் விடுகிறது. மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி, சூரியன்.

ஆகவே "பனி இருப்பதால் தண்ணீர் அதிகம்" என்பதைவிட, "பனி இருப்பதால் தண்ணீர் வரும் காலம் வேறு" என்பதே சரி. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம், வைகை அணையில் தண்ணீர் திறந்து விட்டால்தான் இங்கே ஆறு நனையும். அங்கே ஏறத்தாழ அதே சமயத்தில்தான், அட்சய திருதியை அன்று கங்கோத்ரி கோயில் நடை திறக்கிறது. நாம் நகைக்கடையில் நிற்கிற நாள். அப்போது போன குளிர்காலத்து வெண்பனி உருகி ஆறு ஏறத் தொடங்கியிருக்கும். வெண்பனிப் போர்வை விலகிய பிறகு, ஆனி ஆடி வாக்கில் அடியிலிருந்த பழைய கட்டி வெயிலுக்கு வெளியே வந்து உருகும். முன்னது போன வருட வரவு. பின்னது பல பத்தாண்டுச் சேமிப்பு. இரண்டையும் சேர்த்து 'பனி உருகுது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

தை மாதத்தில் கணக்குத் தலைகீழ். இங்கே மழை முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும். அங்கே மடை மூடி, பாகீரதி மெலிந்து தெளிந்து பாறைகளுக்கிடையே ஓடைபோலப் போகும். ஓடுவது என்னவோ வருடம் முழுக்கத்தான், ஆனால் ஒரே அளவில் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மலைக்கண்மாய் நம் கண்மாயைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மழை பொய்த்த ஆண்டில் நம் கண்மாயும் சேர்ந்து காயும். அங்கே மழை குறைந்த ஆண்டில் மேகம் குறைவு, வெயில் அதிகம், அதனால் பனியாறு கூடுதலாக உருகி அந்தக் குறையில் ஒரு பங்கை ஈடு செய்யும். வறட்சி ஆண்டில் அதிகம் தருகிற கண்மாயை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

காலையில் கணுக்கால், மாலையில் முழங்கால்

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் பக்கம் நடக்கும்போது பாதையைச் சிறு ஓடைகள் குறுக்கே வெட்டும். காலை ஏழு மணிக்கு ஒன்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினேன், கணுக்கால் அளவு. வழிகாட்டி "மூணு மணிக்கு முன்னாடி திரும்பிடணும்" என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னார். நான் நாலரைக்கு வந்தேன். ஒரு துளி மழை இல்லை, வானம் நீலம், அதே ஓடை முழங்காலுக்கு மேல் இழுத்தது. அவர் கையைப் பிடித்துத்தான் கரையேறினேன், திட்டும் வாங்கினேன்.

காரணம் மடைதான். இரவில் மூடுகிறது, வெயில் ஏறத் திறக்கிறது. உருகிய நீர் பனிக்கட்டியின் விரிசல்கள், அடிச்சுரங்கங்கள் வழியாகச் சுற்றி வெளியே வரச் சில மணி நேரம் ஆவதால், உச்சி வெயில் மதியம் என்றாலும் உச்சி வெள்ளம் பிற்பகலில் அல்லது மாலையில். நம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கோ மழை பெய்திருக்கிறது என்று பொருள். பனியாற்று ஓடைக்குத் தினசரி ஏற்ற இறக்கம் உண்டு.

இன்னொன்று. கோமுகம் படத்தில் பளபளவென்று நீலமாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கல்லும் மண்ணும் மூடிய அழுக்கு மேடு. முதலில் பனியாறு எங்கே என்றுதான் கேட்டேன், அதன் முன்னாலேயே நின்றுகொண்டு. பழைய ஜிகர்தண்டாக் கடைகளில் ஐஸ்கட்டியை உமியோ மரத்தூளோ போட்டு மூடி வைப்பார்களே, அந்த வேலையைத்தான் அந்தக் கல்மண் போர்வை செய்கிறது. கனமாக மூடினால் உருகுவது குறையும். மெல்லிய தூசுப் படலம் மட்டும் படிந்தாலோ, கறுப்புச் சட்டை வெயிலில் சுடுவதுபோல, உருகுவது கூடும். அழுக்கு நல்லதா கெட்டதா என்பது எவ்வளவு அழுக்கு என்பதைப் பொறுத்தது.

கங்கையில் பனித்தண்ணீர் எவ்வளவு?

கோமுகத்தில் ஓடுவது ஏறக்குறைய முழுவதும் பனி தந்தது. பாகீரதியோடு அலக்நந்தா சேர்ந்து 'கங்கை' என்று பெயர் மாறும் தேவப்பிரயாகையில், ஆண்டு முழுக்க ஓடும் நீரில் வெண்பனியும் பனியாறும் சேர்ந்து தருவது சுமார் 30 சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மீதி மழையும் நிலத்தடி நீரும். சமவெளிக்கு இறங்க இறங்க இந்தப் பங்கு இன்னும் கரைந்துபோகும். அங்கே ஆடி, ஆவணியில் கங்கை கரை புரள்வதற்குக் காரணம் தென்மேற்குப் பருவமழை. யமுனைக்குத் தண்ணீர் தரும் சம்பலும், கங்கையில் நேரே சேரும் சோன் நதியும் பனியையே பார்க்காத மத்திய இந்திய மலைகளில் பிறந்தவை.

மழையில்லாத மாதங்களில் சமவெளிக் கங்கையைத் தாங்குவதில் அடிநீர் பெரும்பங்கு வகிக்கிறது. கரையோர மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் மெல்லக் கசிந்து ஆற்றுக்குத் திரும்பி வருவதுதான் அடிநீர். பெரியம்மா சொன்ன வைகை ஊற்று அதன் சின்ன வடிவம்.

பனி இருந்தால்தான் ஜீவநதி என்பதற்கு எதிர்ச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: தாமிரபரணி. 128 கிலோமீட்டர்தான். ஒரு பிடி வெண்பனி இல்லை. பொதிகையில் இரண்டு பருவமழையும் விழுகின்றன; காடும் புல்வெளியும் அதைப் பஞ்சுபோல வாங்கி வைத்து விடுகின்றன. வற்றாத நதி என்று பெயரெடுத்துவிட்டது. மழையைத் தேக்கி வைத்து விடுகிற பொருள் எதுவாக இருந்தாலும் ஆறு ஓடும். அது பனிக்கட்டியாகவும் இருக்கலாம், சோலைக்காடாகவும் இருக்கலாம்.

வருசநாட்டு, மேகமலைப் பக்கம் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகைக்கு நாம் செய்துகொடுத்த தேக்கங்கள் வேறு. மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895-இல் முடிந்த அணை, சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பியது. 1959-இல் திறந்த வைகை அணை அதைத் தேக்கி வைத்துத் தேதி பார்த்து விடுகிறது. முன்னது தண்ணீரின் இடத்தை மாற்றியது, பின்னது காலத்தை. 71 அடி வரை தேக்கும் அந்த அணையின் நீர்மட்டத்தை மதுரைக்காரர்கள் தினமும் பேப்பரில் பார்ப்பது இதற்காகத்தான்.

சுருக்கமாக: மலையுச்சியில் பனியே எல்லாம், அடிவாரத்தில் அது ஒரு பங்கு, சமவெளியில் சிறு பங்கு. "கங்கை பனியால் ஓடுகிறது" என்பது எந்த ஊர்க் கங்கை என்று கேட்காமல் சொல்லக்கூடாத வாக்கியம்.

'ப' எழுத்துப் பள்ளத்தாக்கு

இப்போது பெரியம்மாவின் செம்பு. ஊர் வந்து சேர்ந்தபோது அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டால் மணல் இல்லை, முகப்பவுடர் போல வழுக்கியது. இதற்குப் பாறைமாவு என்று பெயர். பனிக்கட்டி தனியாகப் பாறையைத் தேய்க்காது; அது பாறையைவிட மெத்து. ஆனால் அதன் அடியில் கற்கள் சிக்கிக்கொண்டால், தச்சர் மரத்தில் போடுகிற உப்புத்தாள் மாதிரி மலையையே இழைக்கும். தேய்ந்த தூள் அவ்வளவு நைசாக இருப்பதால் சீக்கிரம் அடியில் தங்காது. ஆறு முழுக்கச் சாம்பல் கலந்த பச்சையாகத் தெரியும். நம் வைகை ஊற்றில் தண்ணீர் மணல் வழியாக வடிகட்டி வருகிறது. அதனால் தெளிவு. ஆக, கங்கோத்ரியின் கலங்கல் அழுக்கு இல்லை, அரைபட்ட மலை.

இந்த இழைப்புதான் பள்ளத்தாக்கின் உருவத்தையும் தீர்மானிக்கிறது. தண்ணீர் ஆறு தான் தொடும் அடிப்பகுதியை மட்டும் அறுக்கும். பக்கங்கள் சரிந்து விழ, கோடாலி வெட்டு மாதிரி கூரான அடியுள்ள பள்ளம் வரும். பனியாறோ பள்ளத்தாக்கை இடமிருந்து வலம் அடைத்துக்கொண்டு நகர்கிறது. அடியையும் இரு பக்கத்தையும் ஒருசேரத் தேய்க்கும். மிஞ்சுவது நம் 'ப' எழுத்து: செங்குத்தான இரண்டு சுவர், தட்டையான தரை. பழைய காலத்தில் கங்கோத்ரி பனியாறு இன்றைய கோமுகத்துக்குக் கீழே பல பத்துக் கிலோமீட்டர் இறங்கி வந்திருந்தது. அது விட்டுப்போன 'ப'வைக் கோமுகத்துக்குக் கீழே நடக்கும்போதே பார்க்கலாம். கங்கோத்ரி கோயிலருகிலோ ஆறு கருங்கல்லை ஆழமாகப் பிளந்து சந்துக்குள் விழுகிறது. அது தண்ணீர் அறுத்தது. ஒரே ஆற்றில் இரண்டு கைவேலை.

கம்பம் பள்ளத்தாக்கும் அகலமாகத் தட்டையாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அங்கே பனியாறு இருந்ததில்லை. அகலத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது; சுவரின் செங்குத்து, பாறையில் கீறல், விட்டுப்போன கல்மண் மேடு எல்லாம் சேர்ந்துதான் சாட்சி.

அந்தக் கல்மண் மேட்டுக்கு மொரைன் என்று பெயர். ஜேசிபி மண்ணைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் குவியல் மிஞ்சுவது போல, பனியாறு சுமந்து வந்த கல்லும் மண்ணும் அதன் ஓரத்திலும் நுனியிலும் கரைகட்டி நிற்கும். சிறியது பெரியது என்று பிரிக்காமல் எல்லாம் கலந்து கிடக்கும். தண்ணீர் கொண்டுவந்து போட்டிருந்தால் கல் தனி, மணல் தனி என்று சலித்திருக்கும்.

கீழே ஹர்சில் பக்கம் பள்ளத்தாக்கு விரிகிறது. ஆப்பிள் தோட்டம், தேவதாரு, ராஜ்மா வயல். சுமந்து வந்த சரளையை ஆறு இங்கே இறக்கி வைத்துவிட்டு, அதன் நடுவே பல கிளையாகப் பிரிந்தும் சேர்ந்தும் பின்னலாக ஓடுகிறது. சிவன் சடையில் கங்கை என்று சொன்னவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களோ என்று தோன்றும், என் கற்பனைதான்.

இந்த மலையில் தட்டையான நிலம் கிடைப்பது அபூர்வம். பக்கவாட்டுச் சிற்றாறு செங்குத்தாக இறங்கி, பள்ளத்தாக்குத் தரையில் வேகம் குறையும் இடத்தில் சேற்றையும் கல்லையும் விசிறி போலப் பரப்பும். இது வண்டல் விசிறி. சாய்வு குறைவு, தண்ணீர் பக்கத்தில், வீடு கட்ட வசதி. ஹர்சிலுக்கும் கங்கோத்ரிக்கும் நடுவில் தராலி ஊர் அப்படிப்பட்ட விசிறியின்மேல்தான் இருந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் கங்கை என்ற சிற்றாற்றில் சேறும் பாறையுமாக இறங்கியது அந்தக் கடைத்தெருவையே மூடிவிட்டது. அந்த நிலத்தை உண்டாக்கியதே அதுபோன்ற பழைய வெள்ளங்கள்தான்.

"பனிப்பாறை வெடித்தது" என்ற தலைப்புச் செய்தி

பனியாறு வெடிக்காது, அதற்குள் வெடிமருந்து இல்லை. நடப்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த விஷயம்: கண்மாய்க் கரை உடைப்பு. பனியாறு சுருங்கும்போது அதற்கும் பழைய மொரைனுக்கும் நடுவில் உருகிய நீர் ஏரியாகத் தேங்கும். கரை, யாரும் குடிமராமத்து செய்யாத தளர்ந்த கல்மண் குவியல். உபரி நீர் பத்திரமாக வழிய நம் கண்மாய்க்குக் கலுங்கு உண்டு. அங்கே யாரும் கட்டி வைக்கவில்லை. பெருமழையோ, ஏரிக்குள் விழும் பாறைச் சரிவோ போதும், கரை அரித்துக்கொண்டு போய்விடும். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரியும், 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியும் உடைந்தது இப்படி.

2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் நடந்ததையும் அதே தலைப்பில் போட்டார்கள். அங்கே ஏரியே உடையவில்லை. ரோண்டி சிகரத்துச் சரிவிலிருந்து பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்து, வழியில் பனிக்கட்டி உருகிச் சேற்று வெள்ளமானது. 200 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். ஏரி உடைப்பு என்றால் ஏரியைக் கண்காணிக்கலாம். பாறைச் சரிவுக்கு வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். பெயரைத் தப்பாகச் சொன்னால் காவலும் தப்பான இடத்தில் நிற்கும்.

பனியாறு 'பின்வாங்குகிறது' என்றால்

பழைய வீடுகளில் நெல் குதிர் பார்த்திருப்பீர்கள். மேலே கொட்டுவார்கள், அடித்துளையில் எடுப்பார்கள். பனியாறும் அப்படித்தான்: மேலே வெண்பனி விழுந்து சேரும், கீழே முகப்பில் உருகிப் போகும். கொட்டுவதைவிட எடுப்பது அதிகமானால் குதிர் இறங்கும். வெப்பம் கூடியதால் இமயத்தில் பெரும்பாலான பனியாறுகளின் நிலை இப்போது இதுதான்.

ஆனால் 'பின்வாங்குகிறது' என்றவுடன் பனிக்கட்டி மலையேறித் திரும்பிப் போகிறது என்று நினைக்க வேண்டாம். கோடையில் வைகை அணையைத் திறக்கும்போது ஆற்று மணலில் தண்ணீரின் நுனி எங்கே வந்திருக்கிறது என்று பேசிக்கொள்வோமே. திறப்பைக் குறைத்தால் தண்ணீர் முன்னோக்கித்தான் ஓடும், ஆனால் நனைந்த நுனி மேல்பக்கமாகச் சுருங்கும். பனியாறும் எப்போதும் கீழே நோக்கியே நகர்கிறது. முகப்பு மட்டும் மேலே தள்ளிப்போகிறது. கங்கோத்ரியில் அது பல பத்தாண்டுகளாக ஆண்டுக்குப் பத்து இருபது மீட்டர் கணக்கில் நடக்கிறது.

2035-க்குள் இமயத்துப் பனியாறுகள் மறைந்துவிடும் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் நுழைந்த பிழை அது. 2010-இல் அவர்களே தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பத்தில் ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கலாம். மேலூர் நீளத்துக் கட்டி அவ்வளவு சுலபத்தில் போகாது. அதற்காகக் கவலை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குதிரிலிருந்து அதிகமாக அள்ளுகிற காலத்தில் வீட்டில் சோறு தாராளமாகவே இருக்கும். சுருங்கும் பனியாற்றுக்குக் கீழே ஆறும் முதலில் கொஞ்ச காலம் கூடுதலாகவே ஓடும். ஒரு உச்சத்தைத் தொட்ட பிறகுதான் குறையத் தொடங்கும். இன்று ஆற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

அந்தச் செம்பு இப்போதும் பூஜை அலமாரியில் இருக்கிறது. தண்ணீரைத் தீபாவளிக்கு எல்லோருக்கும் தெளித்து முடித்தாயிற்று. அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் படலத்தை மட்டும் பெரியம்மா கழுவ விடவில்லை. "மலையை அரைச்ச மாவுன்னு நீதானடா சொன்ன, இருக்கட்டும்" என்கிறார்.